மருந்துப் பொடி இல்லாமல் புறாக்குஞ்சு வளர்க்க

புறா வளர்க்கிற பலரிடம் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் பொடி ஒரு பொட்டலம் கைவசம் இருக்கும். குஞ்சு பருக்கவில்லை என்றால் தண்ணீரில் ஒரு சிட்டிகை, எச்சம் இளகினால் இன்னொரு சிட்டிகை. இப்படியே தொடர்ந்தால் குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிரும் அழிந்து, அந்த இடத்தைக் கேண்டிடா பூஞ்சை பிடித்துக்கொள்ளும். வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006லும் சீனா 2020லும் நிறுத்தின. உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்குக் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் கொடுப்பதை இந்தியா 2019ல் தடை செய்தது. கறிக்குக் குஞ்சு விற்பவர்களும் இந்தப் பழக்கத்தை விட்டாக வேண்டும்.

குஞ்சை நேராகக் கவனிப்பதால் பெரிய பலன் இல்லை. பொரித்த முதல் சில நாட்களுக்கு அதன் உணவு புறாப் பால் மட்டுமே. ஆணும் பெண்ணும் தீனிப்பையில் அதைச் சுரந்து ஊட்டுகின்றன. புரதமும் கொழுப்பும் மிகுந்த அந்தப் பாலோடு நோய் எதிர்ப்புப் பொருளும் பெற்றோரின் நுண்ணுயிரும் சேர்ந்தே குஞ்சின் குடலுக்குள் போகின்றன. எனவே கீழே சொல்வதையெல்லாம் முட்டையிடப் போகும் ஜோடியிடமே தொடங்குங்கள். அடைகாலம் 17, 18 நாள்தான் என்பதால் அதற்கும் முன்பே ஆரம்பிப்பது நல்லது.

முதலில் தண்ணீர். புறா அலகை முழுக்க நீரில் அமிழ்த்தி உறிஞ்சிக் குடிக்கும். ஒரு பறவையின் வாயில் இருக்கும் கிருமி அடுத்த பறவைக்குப் போக இதைவிட எளிய வழி இல்லை. கேங்கர் என்கிற வாய்நோய் இப்படித்தான் பரவுகிறது. அதை உண்டாக்குவது டிரைக்கோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி; டெட்ராசைக்ளினை எவ்வளவு கரைத்துக் கொடுத்தாலும் அதற்கு உறைக்காது. எச்சம் விழாதபடி மேல்மூடி உள்ள பாத்திரம் வையுங்கள். தினமும் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவிடுங்கள். ஒன்று காயும்போது மற்றொன்றை வைக்க இரண்டு பாத்திரம் இருந்தால் சௌகரியம்.

அடுத்தது தீனி. குஞ்சு ஊட்டும் ஜோடிக்கு 10 கிலோ கலவை என்றால் மக்காச்சோளம் 2.5 கிலோ, சோளம் 1.5, கம்பு 1.5, கோதுமை 1, பட்டாணி 2, பச்சைப்பயறு 1.5. இதில் புரதம் 14, 15 சதவீதம் வரை கிடைக்கும். பயறைக் குறைத்துவிட்டுக் குஞ்சு வளரவில்லை என்று மருந்து தேடுவதில் அர்த்தமில்லை. மக்காச்சோளத்தை முகர்ந்து பார்த்து வாங்குங்கள். பூசண வாடை அடித்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். பூசணம் உண்டாக்கும் அஃப்லாடாக்சின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும், வெயிலில் உலர்த்தினாலும் போகாது. கிளிஞ்சல் தூள், செங்கல் பொடி, கொஞ்சம் உப்பு, மரக்கரி கலந்த கிரிட்டைத் தனிக் கிண்ணத்தில் எப்போதும் வைத்திருங்கள்.

இவை இரண்டும் சரியான பிறகே மாற்றுப் பொருட்களைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஆப்பிள் சிடர் வினிகரை லிட்டருக்கு 5 மில்லி வீதம் வாரத்தில் இரண்டு நாள் கொடுக்கலாம். ஈகோலை, சால்மோனெல்லா போன்றவற்றுக்குப் புளிப்பு ஆகாது. நல்ல நுண்ணுயிரான லாக்டோபேசில்லஸ் அதைத் தாங்கும். துத்தநாகம் பூசிய தகரப் பாத்திரத்தில் மட்டும் ஊற்றாதீர்கள். அமிலம் துத்தநாகத்தைக் கரைத்துப் பறவைக்கு விஷமாக்கும்.

நல்ல நுண்ணுயிர் அடங்கிய புரோபயாடிக் பொடி கால்நடை மருந்துக் கடைகளில் கோழிக்கென்று விற்பதுதான். ஜோடி சேர்க்கும்போதும், குஞ்சைப் பிரிக்கும்போதும், ஆன்டிபயாடிக் கொடுத்து முடித்த பிறகும் அதற்கு வேலை உண்டு. லேசாக ஈரப்படுத்திய தானியத்தில் பிசறி, ஒரு மணி நேரத்துக்குள் தின்று தீர்க்கும் அளவே வையுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கரைத்தால் அந்த நுண்ணுயிர் செத்துவிடும். கோழிக்கு நன்கு வளர்ந்த இரண்டு குருட்டுக்குடல் உண்டு, புறாவுக்கு அவை பெயரளவுக்குத்தான். ஆகவே கோழிக்குச் சொல்லும் பலன் அத்தனையும் இங்கே கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். செலவில்லாமல் மோர் ஊற்றலாமே என்பவர்கள் உண்டு. பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி பறவைக்கு மிகக் குறைவு. சற்று மிஞ்சினாலும் கழிச்சல்தான்.

பூண்டு? லிட்டர் தண்ணீருக்கு ஒரு பல் நசுக்கிப் போட்டு, சாயங்காலம் கொட்டிவிடுங்கள். கெடுதல் இல்லை. நோய் தீர்க்கும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

எது பலன் தருகிறது என்பதை எடைதான் சொல்லும். நான்கு ஜோடிக்குப் புதுப் பொருளைக் கொடுங்கள், நான்கு ஜோடிக்குக் கொடுக்காதீர்கள். தீனி, கூண்டு எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். 7, 14, 21, 28ஆம் நாட்களில் காலையில் ஊட்டுவதற்கு முன் சமையலறைத் தராசில் குஞ்சுகளை நிறுத்து எழுதுங்கள். இரண்டு ஈடு குஞ்சு வரைக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் அந்தப் பொருளுக்குப் பணம் போடாதீர்கள்.

வாய்க்குள் மஞ்சள் கட்டி, இறக்கை தொங்கல், கால் நொண்டல், கழுத்துத் திருகல், பச்சை நீராகக் கழிச்சல் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் வினிகரையும் பூண்டையும் நம்பி நாளைக் கடத்தக் கூடாது. பறவையைத் தனியே வைத்து, புது எச்சத்தைச் சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். ரத்தக்கழிச்சல் கிருமியா, குடற்புழுவா என்பது நுண்ணோக்கியில் தெரிந்துவிடும். அவர் டெட்ராசைக்ளின்தான் எழுதிக் கொடுத்தார் என்றால் சொன்ன நாள் வரை முழுதாகக் கொடுங்கள். அந்த நாட்களில் கிரிட் கிண்ணத்தை எடுத்துவிடலாமா என்று அவரிடமே கேளுங்கள். கால்சியம் அந்த மருந்தோடு ஒட்டிக்கொண்டு உடலில் சேரவிடாது. மருந்து நிறுத்தி எத்தனை நாள் கழித்துக் குஞ்சை விற்கலாம் என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.