முப்பத்திரண்டில் ஒரு பங்கு
(இளம் அறிவியல், இயற்பியல் இரண்டாமாண்டு மாணவன்)

எங்கள் துறையின் அறிவியல் கண்காட்சிக்கு ஆளுக்கொரு மாதிரி செய்து வரவேண்டும் எனப் பேராசிரியர் பணித்தபோது, எரிமலை, சூரிய அடுப்பு, மழைநீர்ச் சேமிப்பு ஆகியவற்றை நண்பர்கள் முந்திக்கொண்டனர். நான் ஸ்லாட் கார் ஒன்று செய்வதாக எழுதிக் கொடுத்தேன். நம்மில் பலர் இதனைக் கண்டிருக்க வாய்ப்பில்லை. ஆதலின் அது யாதென முதலில் கூறிவிடுகிறேன்.

பலகையின்மேல் பந்தயப் பாதை நெடுக ஒரு காடி வெட்டப்பட்டிருக்கும். கதவுச் சட்டத்தில் தச்சர் வெட்டுகிறாரே, அதே காடிதான். அதன் இருமருங்கிலும் இரண்டு உலோகப் பட்டைகள். அவற்றில் 12 வோல்ட் நேர்மின்சாரம். காரின் மூக்குக்கு அடியிலுள்ள ஓர் ஆணி காடிக்குள் இறங்கி நிற்கும். ஆணியின் இருபுறமுமுள்ள செம்புப் பின்னல்கள் பட்டைகளைத் தடவிச் சென்று மோட்டாருக்கு மின்சாரத்தை ஊட்டும். ஓட்டுபவர் கையில் இருப்பது ஒரு மாறு மின்தடை மட்டுமே. காரைத் திருப்பும் வேலை அவருக்கு இல்லை. அதை ஆணி பார்த்துக்கொள்ளும். வளைவு எவ்வளவு வேகத்தைத் தாங்கும் என்றறிந்து மின்சாரத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமே ஆட்டம். கணக்குத் தவறினால் ஆணி காடியைவிட்டு எகிறும். கார் மேசையைவிட்டே இறங்கிப் போய்விடும்.

இங்கிலாந்தில் ஃப்ரெட் பிரான்சிஸ் என்பவர் 1952 முதல் ஸ்கேலெக்ஸ் என்ற பெயரில், சுருள்வில் விசையால் ஓடும் தகரக் கார்களை விற்றுவந்தார். அவற்றில் மின்மோட்டாரை வைத்து 1957-இல் ஹாரோகேட் நகரப் பொம்மைக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தார். ஸ்கேலெக்ஸும் எலெக்ட்ரிக்கும் சேர்ந்து ஸ்கேலெக்ஸ்ட்ரிக் ஆயிற்று. முதலில் வந்தவை மாசெராட்டி 250எஃப், ஃபெராரி 375 என்னும் இரு பந்தயக் கார்களின் மாதிரிகள். கடையில் வாங்கி ஓட்டுவோர் ஒருபுறமிருக்க, பழைய பந்தயக் கார்களைத் தம் கையாலேயே செய்து ஓட்டும் பொழுதுபோக்கும் இதிலிருந்து வளர்ந்தது. நான் மேற்கொண்டது இந்த இரண்டாம் வகை. வாங்கப் பணமில்லை என்பது இதற்கு ஒரு காரணம்தான்.

நான் தேர்ந்தது புகாட்டி 35 என்னும் கார். எத்தோர் புகாட்டி, அல்சாஸ் பகுதியிலுள்ள மோல்ஸைம் என்ற ஊரில் அமைத்த தொழிற்சாலையில் உருவானது. 1924-இல் லியோன் நகரில் நடந்த பிரெஞ்சுப் பெரும்பந்தயத்தில் முதன்முதலாக ஓடியது. டயர்கள் பிய்ந்துபோய் அன்று தோற்றது. ஆயினும் 1925 முதல் 1929 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் சிசிலித் தீவின் டார்கா ஃபுளோரியோ பந்தயத்தைப் புகாட்டிக் கார்களே வென்றன. குதிரை லாட வடிவில் ரேடியேட்டர், எட்டுத் தட்டை ஆரங்கள் கொண்ட அலுமினியச் சக்கரங்கள், குறுகிய நீல உடல். அழகால் மயங்கித் தேர்ந்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில், அதன் இரு அச்சுகளுக்கு இடைப்பட்ட நீளம் 2,400 மி.மீ.; ஸ்கேலெக்ஸ்ட்ரிக் அளவான 32-ஆல் வகுத்தால் மிச்சமின்றி 75 மி.மீ. வந்தது. அதற்காகவே தேர்ந்தேன். அழகு பிறகுதான் கண்ணில் பட்டது.

அடிச்சட்டத்தை 1 மி.மீ. பித்தளைத் தகட்டில் வெட்டினேன். அச்சுகள் சைக்கிள் ஆரக்கம்பி. அவை சுழலும் குழாய்கள் பழைய வானொலிப் பெட்டியின் ஏரியலிலிருந்து அறுத்தவை. ரேடியேட்டரின் வலை, தேநீர் வடிகட்டி. உடைந்த பொம்மையிலிருந்து கழற்றிய மோட்டார் 12 மி.மீ. அகலமே இருந்ததால் குறுகிய உடலுக்குள் அடங்கியது. ஆனால் ஓட்டுநரின் மடியை அது பிடித்துக்கொண்டதால் அவருக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. ஆணிக்கு இடம் தேடுவதுதான் பெரும்பாடு. பிற்காலக் கார்களில் நீண்ட மூக்கின் அடியில் அச்சுக்கு வெகு முன்னால் ஆணியை மறைத்துவிடலாம். இக்காரிலோ முன்னச்சுக்கு முன்னால் மறைப்பதற்கு உடலே ஏறக்குறைய இல்லை. ரேடியேட்டருக்கு நேர் கீழே வைத்தேன். உடலைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்து, உப்புத்தாள் தேய்த்து, நீலம் பூசினேன். மொத்த எடை 68 கிராம்.

கண்காட்சிக்கு இரு நாட்களுக்கு முன் ஆசிரியர்கள் பார்வையிட வந்தனர். கார் நேர்ப்பாதையில் சீறிச் சென்றது. முதல் வளைவில் பக்கவாட்டில் உருண்டு, குடைசாய்ந்து கிடந்தது. மும்முறை ஓட்டினேன், மும்முறையும் அதே இடம். "நாளை மறுநாளுக்குள் சரிசெய்யாவிட்டால் ஓடாத மாதிரியாகவே வைத்துவிடு" என்றார் பேராசிரியர்.

என் தந்தையார் பம்புசெட் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் தொழிலாளி. ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். இது சமன்பாடுகளின் சமாச்சாரம் என்று நான் அதுவரை காரை அவரிடம் காட்டவில்லை. அன்றிரவு அவரே எடுத்து, இரு விரல்களில் ஏந்தி ஒருமுறை சாய்த்துப் பார்த்தார். "இதுக்கு மண்டைக்கனம் அதிகம்டா" என்றார். காரைத்தான் சொன்னார்.

பிறகு அளந்து பார்த்தேன். வரைபலகையில் காரைக் குறுக்காக நிறுத்தி, பலகையை மெல்லச் சாய்த்தேன். 45 பாகையில் கார் கவிழ்ந்தது. ரப்பர் டயரைத் தனியே ஒரு மரக்கட்டையில் ஒட்டி அதே பலகையில் வைத்தபோது 47 பாகையில் சறுக்கியது. விடை இந்த இரண்டு எண்களில் இருக்கிறது. 47 பாகையின் டேஞ்சன்ட் 1.07, அதுவே உராய்வுக் கெழு. கவிழும் கோணத்தின் டேஞ்சன்டோ, சக்கர இடைவெளியில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்கக் கிடைப்பது. சக்கர இடைவெளி 37.5 மி.மீ.; எனவே ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 19 மி.மீ. உயரத்தில் நின்றது. சறுக்கும் முன்பே கவிழும் கார் அது. சறுக்கினால் பின்பக்கம் அசைவதைக் கண்டு கையைத் தளர்த்தலாம். கவிழும் காரோ அந்த எச்சரிக்கையைத் தருவதில்லை.

பிளாஸ்டர் உடலைக் கழற்றித் தேங்காயெண்ணெய் தடவி, அதையே அச்சாக்கி, செய்தித்தாள் துண்டுகளை மைதாப் பசையில் தோய்த்து ஐந்து அடுக்கு ஒட்டினோம். காய்ந்தபின் உரித்தெடுத்த கூடு 9 கிராம்தான். அடிச்சட்டத்தின் கீழ், தூண்டிலுக்குக் கட்டும் ஈயத்தைத் தட்டித் தகடாக்கி 12 கிராம் பற்றவைத்தார் தந்தையார். பற்றவைப்பில் என் கை நடுங்கும், அவருடையது நடுங்காது. மீண்டும் சாய்த்தபோது கார் 47 பாகையில் நல்ல பிள்ளையாகச் சறுக்கியது. சறுக்காதபடி ஒரு சட்டத்தைத் தடுப்பாக வைத்தபோது 57 பாகையில்தான் கவிழ்ந்தது. ஈர்ப்பு மையம் 12 மி.மீ.-க்கு இறங்கியிருந்தது.

இவ்விடத்தில் ஒன்று சொல்லவேண்டும். உராய்வு தொடுபரப்பைப் பொறுத்ததன்று என முதலாண்டில் படித்தோம். ரப்பர் அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை. புகாட்டியின் 90 மி.மீ. டயர் 32-இல் ஒரு பங்காகும்போது 2.8 மி.மீ.; அவ்வளவு ஒல்லியான டயரில் பிடிப்பு தெளிவாகக் குறைந்தது. கண்காட்சிக்கு 4 மி.மீ. டயரே போட்டேன். உருவ ஒற்றுமையில் நான் செய்த பிழை அது ஒன்று. ஓட்டுநரின் கால்கள் மற்றொன்று.

கண்காட்சியன்று பள்ளி மாணவன் ஒருவன் கேட்டான்: "நிஜக் காரும் இந்த வளைவில் இவ்வளவு வேகமாகப் போகுமா அண்ணா?" எங்கள் வளைவின் ஆரம் அரை மீட்டர். உராய்வுக் கெழு 1.07 எனில் சறுக்காமல் போகக்கூடிய வேகம் வினாடிக்கு 2.29 மீட்டர். 32-ஆல் பெருக்கினால் மணிக்கு 264 கி.மீ. ஆகிறது. கண்ணுக்குத் தெரிவது இந்த வேகந்தான். ஆனால் அதே பிடிப்புள்ள டயரோடு நிஜக் கார் 16 மீட்டர் ஆர வளைவில் போகக்கூடியது மணிக்கு 47 கி.மீ. மட்டுமே! நீளத்தை 32-ஆல் வகுத்தேன். புவியீர்ப்பை வகுக்க என்னால் முடியவில்லை. ஆகவே வேகம் 32-இன் வர்க்கமூலமான 5.66-ஆல்தான் குறைகிறது. கப்பல் மாதிரிகளைத் தொட்டியில் இழுத்துச் சோதித்த வில்லியம் ஃப்ரூட் 1870-களில் கையாண்ட விதியும் இதுவே. எடையோ 32-இன் கனமான 32,768-ஆல் குறைய வேண்டும். நிஜக் காரின் எடை சுமார் 750 கிலோ. அதன்படி என் கார் 23 கிராம் இருக்கவேண்டும். ஈயத்தோடு சேர்த்து 49 கிராம் இருந்தது.

இவற்றையெல்லாம் அவனிடம் சொல்லி முடிப்பதற்குள் அவன் மின்தடையை வாங்கி ஓட்டத் தொடங்கிவிட்டான். நான்காம் சுற்றில் பின்சக்கரங்கள் மெல்ல வெளியே நழுவின. அவன் விரலைத் தளர்த்தினான், கார் நிமிர்ந்து ஓடியது. பின்வரிசையில், பட்டறையிலிருந்து நேரே வந்த சட்டையோடு என் தந்தையார் நின்றிருந்தார். அடுத்து அவர் கையில் மின்தடையைக் கொடுத்தேன்.