ஐந்தாவது ஆளின் கணக்கு

ஓசூரை அடுத்த சூளகிரி, உத்தனப்பள்ளிப் பக்கம் தொழிற்பேட்டைக்கு நிலம் என்று பேச்செடுத்தாலே கூடவே ஒரு கேள்வியும் வந்துவிடும்: "நாலாயிரம் பேருக்கு வேலை கிடைக்குது, நாப்பது பேர் விட்டுக்கொடுத்தா என்ன?" கொஞ்சம் படித்தவர்கள் இதற்குப் ‘பயன்பாட்டுவாதம்’ என்று பெயரும் வைத்துவிடுகிறார்கள். ‘நாலு பேருக்கு நல்லதுன்னா எதுவும் தப்பில்லை’ என்ற ‘நாயகன்’ படத்தின் வேலு நாயக்கரைத் தத்துவவாதியாக்கும் காரியம் இது.

நம்பிக்கை: பெரும்பான்மைக்கு நல்லது என்றால் போதும்.

தலையை எண்ணுவது தேர்தல். பயன்பாட்டுவாதத்தை வகுத்த ஜெரமி பெந்தாம் 1789-ல் வெளியிட்ட நூலில் எண்ணச் சொன்னது இன்ப துன்பங்களை. எவ்வளவு ஆழமானது, எத்தனை காலம் நிற்கும், எவ்வளவு நிச்சயம், எத்தனை பேரைத் தொடும் என்று ஏழு அளவைகள் வைத்தார். ஆயிரம் பேருக்குப் பயணத்தில் பத்து நிமிடம் மிச்சமாவதும், ஒரு குடும்பம் கிணற்றோடு நிலத்தை இழப்பதும் அவர் தராசில் ஒரே எடை அல்ல. நாலு பேரின் நன்மையைக் கூட்டியவர் ஐந்தாவது ஆளின் இழப்பைக் கழித்தே ஆகவேண்டும்.

இது ஏதோ வெள்ளைக்காரர் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. 2013-ம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டம், முதலில் சமூகத் தாக்க மதிப்பீடு செய்யச் சொல்கிறது. திட்டத்தின் நன்மை அதன் சமூக இழப்பைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்று அரசு பார்க்க வேண்டும். பெந்தாம் படித்திருந்தால் மகிழ்ந்திருப்பார். ஆனால் தமிழ்நாட்டில் தொழிற்சாலைகளுக்கு நிலம் எடுக்க 1997-ல் இயற்றிய தனிச் சட்டம் இருக்கிறது. அதில் இந்த மதிப்பீடு கிடையாது. 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்றது. அரசு அதே ஆண்டு வேறொரு சட்டம் போட்டு அதற்கு உயிர் கொடுத்தது. 2021-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. இழப்பீட்டுக்கும் மறுவாழ்வுக்கும் மட்டும் 2013-ன் அளவுகோல் பொருந்தும். அதாவது, விலை உண்டு, கணக்கு இல்லை.

நம்பிக்கை: பயன் என்றால் பணம்.

பணம் அற்பமல்ல, மறுக்கவில்லை. 1970-களில் அரசின் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகுதான் ஓசூர் ஓசூரானது; அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் கொடுத்த சம்பளத்தில் வீடு கட்டியவர்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் ஏராளம். அந்த நிம்மதியும் கணக்கில் சேரும். ஆனால் மல்லித்தழையும் தக்காளியும் போட்டுச் சந்தைக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர், கையில் காசோலையோடு ஐம்பது வயதில் வேறு வேலை தேடுவதும் அதே கணக்கில்தான் வரும். தொகை முழுதாகக் கொடுத்துவிட்டால் துன்பம் பூஜ்யமாகிவிடும் என்று பெந்தாம் எங்கும் சொல்லவில்லை.

நம்பிக்கை: அவரவர் மக்களின் நன்மையைப் பார்த்தால் போதும்.

எல்லையிலுள்ள ஜூஜுவாடியோடு தமிழ்நாடு முடியலாம், இந்தக் கோட்பாடு முடியாது. பெங்களூரின் கழிவு தென்பெண்ணையில் கலந்து, கெலவரப்பள்ளி அணையிலிருந்து நுரையாகப் பொங்குகிறது. கழிவைக் கழித்துவிட்ட நகரத்துக்கு அது லாபம்; கீழே பாசனம் செய்பவருக்கு நஷ்டம். இரண்டும் ஒரே பேரேட்டில் எழுதப்பட வேண்டியவை. கர்நாடகத்தைத் திட்டுவது நமக்குச் சுலபம். நம் தொழிற்பேட்டைகளின் கழிவு பற்றியும் அதே பேரேடு கேட்கும்.

நம்பிக்கை: சரியாகக் கணக்குப் போட்டால் இந்தக் கோட்பாட்டில் குறையே இல்லை.

இருக்கிறது. எல்லா இழப்பையும் நேர்மையாகக் கழித்த பிறகும் மிச்சம் தொழிற்சாலைப் பக்கமே நின்றால், என்ன விலைக்கும் விற்கமாட்டேன் என்கிற கிழவரிடம் பயன்பாட்டுவாதி என்ன சொல்வார்? கொடுத்துவிடு என்றுதான். இங்கே எனக்கு அவரோடு ஒப்புதல் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டு வேலை பார்த்தவரும் பெந்தாமின் வழிவந்தவருமான ஜான் ஸ்டூவர்ட் மில், 1861-ல் எழுதிய கட்டுரைகளில் நீதியையும் உரிமையையும் இந்தக் கணக்குக்குள்ளேயே அடக்கிவிடப் பார்த்தார். முழுதாக அடங்கியதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் 2023-ல் உத்தனப்பள்ளி விவசாயிகள் சிப்காட்டுக்கு நிலம் தர மறுத்துப் பந்தலில் உட்கார்ந்தபோது, விவாதம் அவ்வளவு தூரம் போகவே இல்லை. மில்லை மறுப்பதற்கு முன்னால் பெந்தாமின் கணக்கில் முதல் வரியையாவது யாராவது எழுதியிருக்க வேண்டும்.