கம்பம் பள்ளத்தாக்கும் பன்னீர் திராட்சையும்: முக்கியக் குறிப்புகள்

(பெருந்துறையிலிருந்து குரூப் 2, குரூப் 4 எழுதுவோருக்கு)

தாராபுரம், ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு வழியாக ஒருமுறை தேனிக்குப் போய் வாருங்கள். கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கம்பம் சுலபமாகப் பிடிபடும். தண்ணீரை முதலில் படியுங்கள், திராட்சை தானாக மனதில் நிற்கும்.

• முல்லைப் பெரியாறு: மேற்கே அரபிக்கடலுக்கு ஓடும் ஆற்றை மறித்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பிய திட்டம். திருவிதாங்கூருடன் குத்தகை ஒப்பந்தம் 1886, காலம் 999 ஆண்டுகள். கட்டுமானம் 1887-1895, பொறியாளர் ஜான் பென்னிகுயிக். அணை இருப்பது கேரளத்தின் இடுக்கி மாவட்டம். பராமரித்து இயக்குவது தமிழ்நாடு. அதிகம் பேர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

• அந்தத் தண்ணீர் லோயர் கேம்பில் மின்சாரம் தந்துவிட்டு, கூடலூர், கம்பம், உத்தமபாளையம் வயல்களுக்குப் பாய்ந்து வைகையில் சேர்கிறது. வைகை அணை திறப்பு: 1959.

• பெரியாறு அணைக் கட்டுமானம் தொடங்கிய அதே 1887-இல் ஆஸ்திரேலியாவின் முர்ரே ஆற்றங்கரையில், ரென்மார்க், மில்டுரா பாசனக் குடியிருப்புகளைக் கனடாவைச் சேர்ந்த சாஃபி சகோதரர்கள் தொடங்கினர். கடலுக்கு எட்டாத அந்த வெப்பப் பகுதி இன்று ஒயினுக்குப் பெயர் பெற்றது. காய்ந்த நிலத்தை ஆற்றுநீர் திராட்சைக்காடாக்கியது இரண்டு இடத்திலும் நடந்த கதை.

• பன்னீர் திராட்சை: மஸ்கட் ஹாம்பர்க் ரகம். தாவரவியல் பெயர் வைட்டிஸ் வினிஃபெரா. 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுகிறது. புவிசார் குறியீடு: 2023.

• தோட்டத்துக்குள் போனால் தலைக்கு மேல் கல்தூண் பந்தல், குனிந்துதான் நடக்க வேண்டும். கருநீலப் பழத்தின் மேல் வெண்மையாகப் படிந்திருப்பதைப் பலர் மருந்து என்று நினைக்கிறார்கள். அந்தப் படலம் தோல் தானே சுரக்கும் மெழுகு. விரல் பட்டாலே அழியும். வாங்கியதும் கழுவிச் சாப்பிடுவது எப்படியும் நல்லது.

• ஆண்டு முழுக்கக் காய்ப்பது ஏன்? குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் கொடி உறங்கிவிடும். இங்கே அந்த உறக்கம் இல்லை, கவாத்து செய்யும் மாதமே அறுவடையைத் தீர்மானிக்கிறது. டிசம்பர்-ஜனவரியில் வெட்டினால் கோடையிலும், மே-ஜூனில் வெட்டினால் ஆகஸ்ட்-செப்டம்பரிலும் பழம்.

• விதையில்லாத் திராட்சைக்குப் பெயர்போன ஊர் ஓடைப்பட்டி, அதே தேனி மாவட்டம்.

• ஒயின்: பழச்சர்க்கரையை சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்னும் ஈஸ்ட் எத்தனாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுகிறது. சிவப்பு நிறம் தோலிலுள்ள ஆந்தோசயனினால் வருவது. இந்தியாவின் ஒயின் தலைநகரம் நாசிக், கோதாவரிக் கரை. இத்துடன் அரசியலமைப்பையும் சேர்த்துப் படியுங்கள்: மதுவிலக்கை வலியுறுத்துவது பிரிவு 47 (அரசு நெறிமுறைக் கோட்பாடு), போதை மதுபானம் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள்.

• புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999, நடைமுறை 15.09.2003, பதிவகம் சென்னை, செல்லுபடி 10 ஆண்டுகள். நம் ஈரோடு மஞ்சள் பெற்ற ஆண்டு 2019.

• தேனி, மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1996.