இழப்பின் நடுவிலும் நன்றி

இறைவாசகம்: அபக்கூக்கு 3:17-19



2025 நவம்பரில் டித்வா புயல் வீசியபோது நுவரெலியா மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்தது. வீட்டையும் தோட்டத்தையும் இழந்த நம்மிடம் "கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள்" என்றால் மனம் கசப்பது இயல்பே. எதற்கு நன்றி சொல்வது?

இறைவாக்கினர் அபக்கூக்கு தம் இழப்பை மறைக்கவில்லை. விளையாத வயலையும் வெறுமையான தொழுவத்தையும் எண்ணிச் சொன்ன பிறகே ஆண்டவரில் மகிழ்கிறார். அவரது நூல் தொடங்குவதும் முறையீட்டோடுதான். புனித பவுல் எல்லாச் சூழலிலும் நன்றி கூறச் சொல்கிறார் (1 தெச 5:18). துன்பத்துக்கு நன்றி கூறச் சொல்லவில்லை.

கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தை நினைத்துப் பார்ப்போம். அவ்விடம் ஆபத்தானதென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. 2014 அக்டோபர் 29 அன்று மண்சரிவு லயன்களை மூடியது. பிழைத்தவர்களுக்குப் பூனாகலையில் வீடு கிடைக்க 2016 ஆயிற்று. மனிதர் செய்யத் தவறியதை இறைவனின் சித்தம் என்பது விசுவாசம் ஆகாது.

முகாமில் பகிர்ந்த சோற்றுக்கும், நம் பிள்ளையைத் தூக்கி ஓடிய அயலவருக்கும், கந்தப்பளையில் மறுபடி நடும் லீக்ஸ் நாற்றுக்கும் நன்றி சொல்வோம். நாம் கைவிடப்படவில்லை என்பதை அந்த நன்றி நினைவூட்டும். பாதுகாப்பான காணியையும் அதற்குரிய உறுதியையும் கேட்கத் துணிவு தரும். நிலத்தில் வெடிப்போ, சாயும் மரமோ, திடீரெனக் கலங்கும் ஊற்றோ கண்டால் உடனே விலகிச் செல்வோம். உயிரைக் காப்பதும் இறைவனுக்குச் செலுத்தும் நன்றியே.

கலந்துரையாட:
1. இந்த இழப்பில் நமக்குத் துணை நின்றவர் யார்?
2. பிரதேச செயலகத்துக்கு நாம் ஒன்றுசேர்ந்து கொண்டுசெல்ல வேண்டிய கோரிக்கை எது?