கண்ணாடியிற் கண்ட நுண்மம்

நோய் விளைக்கும் வைரஸ்களின் படங்களைப் பாடநூல்களிற் கண்டிருக்கிறோம். செம்மையும் பச்சையும் மஞ்சளுமாய் அவை நம்மை அச்சுறுத்தும். உண்மை யாதெனில், அவற்றிற்கு நிறமே இல்லை. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர், எச்.ஐ.வி.யின் குறுக்களவோ 120 நானோமீட்டர் அளவினது. ஒளியலையினும் சிறிய பொருளில் நிறம் தங்குவது எங்ஙனம்? எலெக்ட்ரான் நுண்பெருக்கி தருவது கறுப்பு வெள்ளைப் படமே. வண்ணம் பின்னர் மனிதர் தீட்டுவது.

இவ்வழக்கத்தை ஐயுற்றவர் இங்கிலாந்து தேசத்துச் சிற்பி லூக் ஜெரம். அவர் நிறக்குருடு உடையவர். நிறத்தைப்பற்றி இவ்வளவு ஆராய அதுவே ஏதுவாயிற்றுப் போலும். 2004-ஆம் ஆண்டு தொடங்கி, பிரிஸ்டல் சர்வகலாசாலை அறிஞர் ஆண்ட்ரூ டேவிட்ஸனுடன் கலந்து, கண்ணாடி ஊதுவோர் துணைகொண்டு, எச்.ஐ.வி., பெரியம்மை, சார்ஸ் முதலியவற்றை நிறமற்ற கண்ணாடியிற் சமைத்தார். பெருக்கம் ஏறத்தாழப் பத்து லட்சம் மடங்கு. ஒரு கடுகை அவ்வளவு பெருக்கினால், தியாகதுருகத்துக் கோட்டை மலையும் அதன்முன் தாழ்ந்துபோம்.

வேலை எளிதன்று. மெல்லிய முட்களை உருண்டையின்மேல் ஒட்டவைத்தல் ஒரு பாடு. உள்ளே மரபிழை எவ்வாறு சுருண்டு கிடக்கிறதென்று சிற்பி வினவியபோது, அறிஞர்க்கே திட்டமாக விடை கூற இயலாமற்போனது மற்றொன்று. படம் வரைவோன் தெரியாத இடத்தை நிழலிட்டு மறைக்கலாம். கண்ணாடியில் அது செல்லாது.

இக்கலை நமக்குப் புறம்பானதன்று. இந்தியாவில் எச்.ஐ.வி. உண்டென முதன்முதல் வெளிப்பட்டது நம் நாட்டிலேதான். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த டாக்டர் சுனீதி சாலமனும், அவர் மாணவியாகிய செல்லப்பன் நிர்மலாவும் திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் சோதிக்கப்பெற்றன. நோயுற்றாரை உறவினரும் தீண்ட அஞ்சிய காலம் அது. தொடுதலாற் பரவாதென்று எத்துணை எடுத்துரைத்தும், காணாத பொருள்மேற் கொண்ட அச்சம் எளிதில் நீங்கிற்றில்லை.

கொடிய நோயை அணிகலன்போல் அழகுறச் செய்தல் தகுமோ என்று வினவுவோர் உளர். வினா நேரியதே. ஆயின், எச்.ஐ.வி. உற்ற ஒருவர், அச்சிற்பத்தின் நிழற்படத்தைக் கண்டு, பெயர் கூறாது ஜெரமுக்கு ஒரு கடிதம் விடுத்தார். தம் உடலில் உறையும் பொருளை வேறெப்படமும் இவ்வளவு மெய்யாகக் காட்டியதில்லையென்றும், தம் பகைவனை நேரிற் கண்டு அது அழகியதாயிருக்க உணர்தல் விந்தையாயிருக்கிறதென்றும் அதில் எழுதியிருந்தார்.