விளக்கை விளக்குவோம்

நுழையும்முன்

தூய்மைப் பணிகள் ஒவ்வொன்றுக்கும் தமிழில் தனிச்சொல் உண்டு. வீட்டைப் பெருக்குகிறோம், தரையைத் துடைக்கிறோம், ஒட்டடை அடிக்கிறோம், துணியைத் துவைத்து அலசுகிறோம், மண்தரையைச் சாணமிட்டு மெழுகுகிறோம், பாத்திரத்தை விளக்குகிறோம். இவற்றுள் கடைசிச் சொல்லால் ஒரு வீட்டில் நிகழ்ந்ததைப் படிப்போம்.

பாடம்

ஜெய்ப்பூரில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்கிறது. பொங்கலுக்கு முன்பு ஊரிலிருந்து பாட்டி வந்தார். கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயில் குத்துவிளக்குகளுக்குப் புகழ்பெற்றது. அங்கே வாங்கிய பித்தளை விளக்கு ஒன்றைப் பாட்டி தம்முடன் கொண்டுவந்திருந்தார். அது எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்திருந்தது. எட்டாம் வகுப்பில் பயிலும் பேத்தியிடம், “விளக்கை விளக்கி வை, கண்ணே! நான் கடைக்குப் போய்ப் பூந்திக்கொட்டை வாங்கி வருகிறேன்” என்று சொல்லிச் சென்றார்.

பாட்டி வெறுங்கையுடன் திரும்பினார். அவர் கேட்டது கடைக்காரருக்குப் புரியவில்லை. பேத்தியோ ஒரு தாளை நீட்டினாள். அதில், “விளக்கு ஒளி தருவது. அதற்கு எண்ணெயும் திரியும் வேண்டும்” என்று எழுதியிருந்தாள்.

பாட்டி முதலில் சிரித்தார். பின்பு சற்றுநேரம் பேசாதிருந்தார். தம் வீட்டில் நாள்தோறும் புழங்கிய ஒரு சொல் பேத்தியிடம் வந்து சேரவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தார்.

“பாத்திரம் தேய்ப்பதையும் விளக்குதல் என்போம், கண்ணே. அதற்குத்தான் பூந்திக்கொட்டை தேடினேன். அது சுருங்கிய தோலுள்ள காய். உள்ளே கரிய கொட்டை இருக்கும். ஊறவைத்துக் கசக்கினால் நுரைக்கும்.”

“அது ரீட்டா, பாட்டி! நான் வாங்கி வருகிறேன்” என்று பேத்தி ஓடினாள்.

பூந்திக்கொட்டையின் தோலில் சபோனின் என்னும் பொருள் உண்டு. அதுவே நுரையை எழுப்பி, எண்ணெய்ப் பிசுக்கை நீரோடு சேர்த்து அகற்றுகிறது. பிசுக்கு நீங்கியபின் ஊறிய புளியால் விளக்கைத் தேய்த்தனர். பித்தளையில் உள்ள செம்பு, காற்றுடன் வினைபுரிந்து கருமையாகப் படிகிறது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அப்படிவைக் கரைக்கிறது. விளக்கை நீரில் அலசி, ஈரமின்றித் துடைத்தபோது அது பொன்போல் மின்னியது.

ஆனால், தேய்க்கும்போது புளிக்கரைசல் வெண்பளிங்குத் தரையில் சிந்தியிருந்தது. துடைத்த பின்னும் அவ்விடம் மங்கியே நின்றது. “இன்னும் கொஞ்சம் புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும்” என்றார் பாட்டி. ஊரில் அவர் வீட்டுத் தரை சிமெண்டுத் தரை. பளிங்கை அவர் அறியார்.

பேத்தி அவர் கையைப் பற்றினாள். “வேண்டாம், பாட்டி! பளிங்கு கால்சியம் கார்பனேட். அமிலம் அதை அரித்துவிடும். இது கறையன்று; கல்லின் மெருகே போய்விட்டது.”

பளிங்கைத் தூய்மை செய்யவும் இயற்கைப் பொருள் உண்டு. மக்ரானாப் பளிங்கால் கட்டப்பட்ட தாஜ்மகாலில் மாசு படிந்து மஞ்சளித்த பகுதிகளில், இந்தியத் தொல்லியல் துறையினர் முல்தானி மண்ணைக் குழைத்துப் பூசுகின்றனர். மண் அழுக்கை உறிஞ்சியபின் நீரால் கழுவிவிடுகின்றனர். ஒரு பொருள் இயற்கையானது என்பது மட்டும் போதாது. அது எதனோடு எவ்வாறு வினைபுரியும் என்பதையும் அறிதல் வேண்டும்.

பொங்கலன்று விளக்கு ஒளிர்ந்தது. அதனருகே அந்த மங்கிய திட்டும் இருந்தது. “இதைப் பார்க்கும்போதெல்லாம் நீ சொன்னது நினைவுக்கு வரும்” என்றார் பாட்டி. “எனக்கு நீங்கள் சொன்ன சொல் நினைவுக்கு வரும், பாட்டி” என்றாள் பேத்தி.

நினைவில் கொள்க

1. பிளீச்சிங் பவுடருடன் எலுமிச்சை, புளி, வினிகர் முதலிய அமிலப் பொருள்களை ஒருபோதும் கலக்கலாகாது. குளோரின் என்னும் நச்சுவாயு வெளிப்படும்.
2. எலுமிச்சைச் சாற்றையும் சமையல் சோடாவையும் கலந்தால் நுரை பொங்கும். ஆயினும் ஒன்றின் ஆற்றலை மற்றொன்று குறைத்துவிடும். தனித்தனியே பயன்படுத்துக.
3. குழாய்களில் உப்புநீரால் படியும் வெண்படிவை எலுமிச்சைச் சாறு கரைக்கும்.

சொல் அறிவோம்

விளங்கு என்பதற்கு ஒளிர்தல், தெளிவாதல் என்பன பொருள். அதன் பிறவினை விளக்கு. பாத்திரத்தை ஒளிரச் செய்வதும் விளக்குதல். பொருளைத் தெளிவாக்குவதும் விளக்குதல். ஒளி தரும் கருவியும் விளக்கே.

அருஞ்சொற்பொருள்

பிசுக்கு – ஒட்டும் எண்ணெய் அழுக்கு
மெருகு – பளபளப்பு
திட்டு – நிறம் மாறிய சிறு பகுதி

பயிற்சி

அ. பிறவினையாக மாற்றுக: துலங்கு, இறங்கு, அடங்கு, திருந்து.
ஆ. புளி பித்தளைக்கு நன்மையும் பளிங்குக்குத் தீமையும் செய்வது ஏன்?
இ. பேத்தி பாட்டியிடமிருந்தும், பாட்டி பேத்தியிடமிருந்தும் கற்றவை யாவை?
ஈ. உம் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, தூய்மைப் பணி குறித்த ஐந்து தமிழ்ச்சொற்களை எழுதுக. அவற்றுக்கு நீவிர் வாழும் மாநில மொழியில் வழங்கும் சொற்களை எதிரே எழுதுக.