பல் மருத்துவக் கல்லூரித் தேர்வும் சிறப்புப் படிப்பும்

பல் மருத்துவ இளநிலைப் படிப்புக்கு, மருத்துவமனைப் பயிற்சி உட்பட, 5 ஆண்டுகள். முதுநிலைக்கு 3 ஆண்டுகள். எனவே, சிறப்பு மருத்துவராக விழையும் மாணவர் 8 ஆண்டுகளுக்குத் திட்டமிட வேண்டும். முதற்கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்பொழுதே இம்முழுக் காலத்தையும் கருதுதல் அவசியமாகும்.

முதுநிலைச் சேர்க்கை 2017 முதல் நாடு தழுவிய 'நீட்' தேர்வின் தரவரிசைப்படி நடைபெறுகிறது. கல்லூரியின் புகழுக்கு அதில் மதிப்பெண் கிடையாது. அரசுக் கல்லூரிகளின் முதுநிலை இடங்களில் 50 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டைச் சேர்ந்தது. எஞ்சிய இடங்களுக்கு, இளநிலை எங்குப் பயின்றார் என்பதைப் பல மாநிலங்கள் கணக்கில் கொள்கின்றன. முதுநிலை மருத்துவப் படிப்பில் வசிப்பிட ஒதுக்கீடு செல்லாது என்றும், நிறுவன முன்னுரிமை ஓரளவு ஏற்கத்தக்கது என்றும் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆகவே, விண்ணப்பிக்குமுன் அந்தந்த மாநில விதிகளை ஆராய்தல் வேண்டும்.

அடுத்து நோக்கத்தக்கது நோயாளிகளின் வருகை. பல் பிடுங்குதல், வேர் சிகிச்சை, செயற்கைப் பல் பொருத்துதல் ஆகியவற்றில் கைத்திறன் பழக்கத்தாலேயே வரும். நோயாளிகள் மிகுதியாக வரும் மருத்துவமனையே சிறந்த வகுப்பறை. முதுநிலைத் துறைகள் 9. அவை இயங்கும் கல்லூரியில் மாணவர் தம் நாட்டத்தை முன்னரே கண்டறியலாம்.

இறுதியாக, செலவு. குடும்பச் சேமிப்பு முழுவதும் இளநிலைக் கட்டணத்திலேயே கரையுமாயின், பின்னர் நல்ல தரவரிசை கிடைத்தும் பயனின்றிப் போகலாம். குறைந்த கட்டணமும் நிறைந்த பயிற்சியும் உள்ள கல்லூரியே, பெரும்பாலோர்க்கு விவேகமான தேர்வாகும்.